கடலுக்கு அடியில் மூன்றாம் பால்

“எண்ணெய் எல்லாம் இன்னும் கொஞ்ச வருஷத்துல முடிஞ்சிடும்மா. பிள்ளையைப் பேசாம கணினி படிக்கச் சொல்லுங்க.”

நேரலையில் நான் சொன்னது இது. எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்திருந்த வாரம். காலை நிகழ்ச்சியில் மேற்படிப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுங்கைப்பட்டாணியிலிருந்து ஒரு தாயார் அழைத்தார். மகளுக்கு பெட்ரோலியம் பொறியியல் மேல் ஆசை. வீட்டில் ஆளுக்கொரு கருத்து. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். அடுத்த பாட்டுக்குப் பதினைந்து விநாடிதான் இருந்தது. ஊடகம் படித்தவன் பெட்ரோலியம் பற்றி என்ன நினைக்க முடியும்? ஆனாலும் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடுகிறது. சொல்லிவிட்டேன். பாட்டும் போட்டாகிவிட்டது.

பாட்டு முடிவதற்குள் நிலையத்தின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. “தம்பி, எண்ணெய் முடியல. இருக்கிறதை எடுக்கத்தான் நமக்குத் தெரியல. நேரம் இருந்தா ஒரு நாள் வந்து பாருங்க.” கீழே ஒரு டாக்டரின் பெயர். மருத்துவர் டாக்டர் அல்ல, முனைவர் டாக்டர்.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை. பேட்டி என்றால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் நீங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள் என்று சிரித்தார். பேராவில் இருக்கிறார், நாற்பதுகளின் நடுவில் வயது, சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்பது வரை சொல்லலாம் என்றார். நான் “டாக்டர், டாக்டர்” என்று கூப்பிட்டதை இரண்டாவது தேநீரோடு நிறுத்திவிட்டார். “அக்கான்னே கூப்பிடுங்க தம்பி.”

கோலாலம்பூரிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் காடி ஓட்டிப் போனேன். பழைய ஈய லம்பங்கள் இருந்த வட்டாரம் அது. வழியெல்லாம் குட்டைகள். ஈயம் போய்விட்டது, குட்டைகள் நின்றுவிட்டன. எண்ணெய் விஷயமும் இப்படித்தான் முடியும் என்று மனதில் ஒரு வசனம் தயார் செய்துகொண்டே போனேன். அதைச் சொல்ல அக்கா எனக்கு வாய்ப்பே தரவில்லை.

“பூமிக்கு அடியில எண்ணெய் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?” இதுதான் முதல் கேள்வி.

“பெரிய குளம் மாதிரி. உறிஞ்சு குழாய் விட்டு உறிஞ்சுற மாதிரி.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். உருளை வடிவம், சாம்பல் நிறம், ஒன்றரை அங்குல விட்டம், மூன்று அங்குல நீளம். தடித்த மெழுகுவர்த்தித் துண்டு மாதிரி இருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வெட்டியெடுக்கும் பெரியா என்ற மணற்கல். உலகம் முழுக்க இந்தத் துறை ஆய்வாளர்கள் பரிசோதனைக்கு வாங்கும் கல் அதுதானாம். “இதுதான் உங்க குளம்,” என்றார். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டார். சொட்டு உருளவில்லை. கல் குடித்துவிட்டது.

மணலும் மணலும் ஒட்டிய இடுக்குகளில், கண்ணுக்குத் தெரியாத துளைகளில்தான் எண்ணெய் இருக்கிறது. கையில் இருந்த துண்டில் எல்லாத் துளைகளையும் கூட்டினால் மூன்று நான்கு தேக்கரண்டி கொள்ளளவுதான் வரும். கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், நூறு டிகிரிக்குப் பக்கமான வெப்பத்தில், இதே மாதிரிக் கல் கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடக்கிறது. அதன் மூச்சுத் துளைகளில் எண்ணெய். அதைத்தான் மேலே கொண்டு வரவேண்டும்.

எவ்வளவு கொண்டு வருகிறோம்? உலகக் கணக்கில் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு கல்லோடு கல்லாகக் கிடக்கிறது. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். கிணறு வற்றிவிட்டது என்று மூடிவிட்டுப் போகிற இடத்திலும், முதலில் இருந்ததில் பாதிக்கு மேல் கீழேதான் இருக்கும்.

“வீட்டுல தேங்காய்ப்பால் பிழிஞ்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அம்மா பிழிய நான் துருவியிருக்கிறேன் என்றேன். அது போதும் என்றார்.

துருவின தேங்காயைச் சும்மா பிழிந்தாலே வருவது முதல் பால். கெட்டியானது, கஷ்டமில்லாதது. எண்ணெய்க் கிணறும் அப்படித்தான். கீழே இருக்கும் அழுத்தத்தில் தானாகவே மேலே வரும். சோடா போத்தலைத் திறந்தால் பொங்குகிறதே, அது போல. பொங்கல் அடங்கியதும் முதல் கட்டம் முடிந்தது. பிறகு சக்கையில் தண்ணீர் ஊற்றிப் பிழிகிறோம், அது இரண்டாம் பால். எண்ணெய் வயலிலும் பக்கத்துக் கிணறு வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறார்கள். கடலில் என்றால் கடல்நீரே. இந்த இரண்டிலும் சேர்த்துக் கிடைப்பதுதான் பெரும்பாலும் அந்த மூன்றில் ஒரு பங்கு.

“நம்ம அம்மாங்க அதோட விட்டாங்களா? வெந்நீர் ஊத்தி மூணாம் பால் எடுப்பாங்க. என் வேலை மூணாம் பால்.”

மேம்படுத்தப்பட்ட எண்ணெய் மீட்பு என்று இதைத் தமிழில் எழுதலாம். துறையில் இருப்பவர்கள் இ.ஓ.ஆர். என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு மூன்றாம் பால் போதும். ஒரே ஒரு வித்தியாசம் என்று அக்கா எச்சரித்தார்: தேங்காய்ச் சக்கையைக் கையால் முறுக்கலாம், பாறையை முறுக்க முடியாது.

வெந்நீர் ஊற்றும் வேலை உண்மையாகவே நடக்கிறது. நமக்கு எதிர்க்கரையில், சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் டுரி என்ற வயல் இருக்கிறது. அங்கே எண்ணெய் மிகவும் கெட்டி. 1985லிருந்து நீராவியை உள்ளே செலுத்தி, எண்ணெயை இளக்கி எடுக்கிறார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய நீராவித் திட்டங்களில் ஒன்று. இந்த நீராவி வைத்தியத்தில் ஒரு வகை தற்செயலாகக் கிடைத்ததாம். 1950களின் இறுதியில் வெனிசுவேலாவில் நீராவி செலுத்திக்கொண்டிருந்தபோது அது பீறிட்டு வெளியே வந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைப்பதற்காக நீராவி செலுத்திய கிணறுகளைத் திறந்துவிட்டால், நீராவிக்குப் பின்னாலேயே எண்ணெய் நன்றாக வர ஆரம்பித்தது. விபத்து ஒரு முறையாகிவிட்டது.

நம் எண்ணெய் அப்படிக் கெட்டியானதல்ல. திரெங்கானு கடலில் தாப்பிஸ் என்ற வயல், 1969ல் கண்டுபிடிக்கப்பட்டு 1978ல் உற்பத்தி தொடங்கியது. அதன் எண்ணெய் இலேசானது, கந்தகம் குறைந்தது. ஆசியாவில் பல காலம் மற்ற எண்ணெய்களுக்கு விலை சொல்ல இதைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். மலாயில் தாப்பிஸ் என்றால் வடிகட்டுவது. பக்கத்தில் இன்னொரு வயலின் பெயர் டூலாங். தட்டு. ஈயம் அலசிய பெண்கள் கையில் வைத்திருந்ததும் டூலாங்தான். ஈய நிலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது.

தாப்பிஸில் 2014ல் மூன்றாம் பால் வேலை ஆரம்பமானது. அங்கே வைத்தியம் வாயுவும் தண்ணீரும் மாறி மாறி. தண்ணீர் மட்டும் விட்டால் கனத்தினால் கீழே இறங்கி, மேல்பகுதி எண்ணெயைத் தொடாமல் போய்விடும். வாயு மட்டும் விட்டால் இலேசானதால் மேலேயே ஓடி, நேராக அடுத்த கிணற்றில் போய் விழும். ஒரு முறை வாயு, ஒரு முறை தண்ணீர் என்று மாற்றி மாற்றி விட்டால் ஒன்றை ஒன்று கட்டுப்படுத்தும். கேட்க எளிது. கரையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில், இடமே இல்லாத இரும்பு மேடையில் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். நிலத்தில் என்றால் பத்தடி தள்ளி இன்னொரு தொட்டி வைக்கலாம். கடலில் ஒரு தொட்டி வைப்பதற்குள் பல கோடி ரிங்கிட் போய்விடும்.

அக்காவின் வேலை வாயுவில் இல்லை. அவர் சோப்புக்காரர். அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது நமக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தோல் போல இழுவிசை இருக்கிறது. அந்த இழுவிசைதான் பாறைத் துளைக்குள் எண்ணெய்ச் சொட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. சொட்டு பெரிது, துளையின் வாய் சிறிது. தண்ணீர் எவ்வளவு தள்ளினாலும் சொட்டு நெளிந்து வெளியே வராது. பாத்திரம் கழுவும் சோப்பு அந்த இழுவிசையைச் சில பத்து மடங்கு குறைத்தாலே தட்டு பளிச்சென்று ஆகிவிடும். பாறைக்கு அது போதாது. ஆயிரக்கணக்கான மடங்கு குறைக்க வேண்டும். அப்போதுதான் சொட்டு இளகி, நீண்டு, நழுவி வரும். அப்படிப்பட்ட சோப்புக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். கூடவே தண்ணீரைக் கஞ்சி மாதிரி ஆக்குவதற்கு லிட்டருக்கு ஓரிரண்டு கிராம் பாலிமர். வெறும் தண்ணீர் சுலபமான வழி பார்த்து விரல் விரலாக ஓடிவிடும். கஞ்சித் தண்ணீர் நிதானமாக எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வரும். சீனாவின் டாச்சிங் வயலில் 1990களிலிருந்து இந்தப் பாலிமர் முறையில் பெரிய அளவில் எண்ணெய் எடுத்து வருகிறார்கள்.

ஆய்வுக்கூடத்துக்குள் கூட்டிப் போனார். நான் எதிர்பார்த்தது படத்தில் வருகிற மாதிரிக் கண்ணாடிக் குடுவைகள். இருந்தது ஓர் இரும்பு உருளை, அதைச் சுற்றி அடுப்பு, மெல்லிய குழாய்கள், முனகுகிற பம்பு. உருளைக்குள் அந்த மணற்கல். முதலில் கல்லைக் கழுவிக் காய வைக்கிறார்கள். பிறகு உப்புநீரால் நிரப்புகிறார்கள். பிறகு எண்ணெயைச் செலுத்தி உப்புநீரை வெளியேற்றி, வாரக்கணக்கில் சூட்டில் ஊற விடுகிறார்கள். பாறைக்கு எண்ணெய் பழக வேண்டுமாம். பிறகுதான் தண்ணீர் விட்டுத் தள்ளுவது. அதுவும் ஒரு நாளைக்கு ஓர் அடி என்ற வேகத்துக்குப் பக்கத்தில். உண்மையான எண்ணெய் வயலில் கிணறுகளை விட்டுத் தள்ளிப் போனால் தண்ணீர் நகர்வது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். நத்தை நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

கடைசியில் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீர் தள்ளிய எண்ணெய் ஆறு மில்லிலிட்டர் என்றால், சோப்பு விட்ட பிறகு கூடுதலாக ஒன்றோ இரண்டோ. இருமல் மருந்துக் கரண்டியில் பாதிகூட வராது. இதற்காகவா இத்தனை பாடு என்று நான் முகத்தில் காட்டியிருக்க வேண்டும். அக்கா கணக்குப் போட்டார். நூறு கோடிப் பீப்பாய் இருக்கும் வயலில் ஒரே ஒரு விழுக்காடு கூடுதலாக எடுத்தால் ஒரு கோடிப் பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பம்பை இரவிலும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரங்களில்தான் என் வானொலி நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பைக் கேட்டிருக்கிறார். “நீங்க நல்லாத்தான் பேசுவீங்க. அன்னைக்கு மட்டும்தான்…” என்று நிறுத்தினார். நானும் மேலே கேட்கவில்லை.

தோல்வியைப் பற்றிக் கேட்டேன். பேட்டிக்காரனின் வழக்கமான கேள்வி. அவர் வழக்கமாகப் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியைக் கொண்டு வந்தார். உள்ளே திரிந்த பால் போல ஏதோ ஒன்று.

முதலில் செய்த சோப்பு அது. ஆய்வுக்கூடத்து உப்புநீரில் அற்புதமாக வேலை செய்தது. கட்டுரை எழுதினார்கள், மாநாட்டில் கைதட்டல் வாங்கினார்கள். பிறகு உண்மையான கடல்நீரைக் கொண்டு வந்து கலந்தார்கள். அரைமணி நேரத்தில் திரிந்துவிட்டது. கடல்நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் போகிறதே, அதேதான். அந்தக் கட்டி பாறைத் துளையில் போய் உட்கார்ந்தால் எண்ணெயும் வராது, தண்ணீரும் போகாது. கிணறே பாழ். இரண்டு வருட வேலை.

“மறுபடியும் முதல்லேர்ந்து. இந்தத் தடவை செம்பனையில.”

செம்பனை எண்ணெயிலிருந்து ஒரு வகை சர்ஃபாக்டன்ட் செய்யலாம். சலவைத் தூளில்கூடப் பயன்படுவது. கடல்நீரின் கால்சியத்தை மற்ற பல சோப்புகளைவிட நன்றாகத் தாங்கும். மூலப்பொருள் நம் நாட்டிலேயே கிடைக்கும், அமெரிக்காவிலிருந்து வாங்க வேண்டியதில்லை. அக்காவின் அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். “அந்தத் தோட்டத்தை விட்டுத் தப்பிக்கணும்னுதான் தம்பி ராத்திரி பகலாப் படிச்சேன். பாருங்க, செம்பனை இங்கேயும் என்னைத் துரத்திட்டு வந்திருச்சு.”

அதுவும் முழு வெற்றி இல்லை. உப்பைத் தாங்கியது, சூட்டைத் தாங்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் தாங்கும். ஆனால் பாறைக்குள் ஒரு நாளைக்கு ஓர் அடி நடக்கிற சோப்பு, அடுத்த கிணற்றை எட்ட மாதங்கள் ஆகும். அத்தனை நாள் அந்தச் சூட்டில் கிடந்தால் அதன் மூலக்கூறு உடைந்துவிடுகிறது. இப்போது அதற்கு என்ன துணை சேர்த்தால் உடையாமல் இருக்கும் என்று பார்க்கிறார். அடுப்பில் வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் தேதி. சில குப்பிகள் மூன்று மாதமாக அங்கேயே இருந்தன.

எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. கோலசிலாங்கூர் பக்கம் பால்மரம் வெட்டியவர். மரம் கிழடானதும் பட்டையில் ஒரு மருந்து தடவுவார்கள், பால் நிற்காமல் ஓடும் என்று சொல்வார். அதைச் சொன்னதும் அக்காவின் முகம் மலர்ந்தது. எத்திபோன் என்றார் உடனே. வெட்டிய இடத்தில் பால் உறைந்து அடைத்துக்கொள்வதை அந்த மருந்து தாமதப்படுத்தும். அதுவும் மூன்றாம் பால்தான். “ஆனா பாட்டி இன்னொண்ணும் சொல்லியிருப்பாங்களே? அளவுக்கு மேல தடவினா மரம் வறண்டு போயிடும்னு?” சொல்லியிருக்கிறார். எண்ணெய்க் கிணறும் அப்படித்தானாம். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் கீழே இருக்கும் தண்ணீர் முந்திக்கொண்டு வந்துவிடும். எண்ணெய் ஒதுங்கிப் போய்விடும். பிறகு எந்த மருந்துக்கும் அது அசையாது.

இனி நான் தவிர்க்க முடியாத கேள்வி. பூமி சூடாகிறது, எண்ணெயைக் குறையுங்கள் என்று உலகமே சொல்லும்போது, கல்லைக் கசக்கி இன்னும் எடுக்கத்தான் வேண்டுமா? அக்கா கோபப்படவில்லை. மகனும் இதையேதான் கேட்கிறான் என்றார். படிவம் நான்கு படிக்கிறான். “புதுசா ஒரு இடத்துல கடலைத் தோண்டுறதைவிட, ஏற்கனவே தோண்டின இடத்துல மிச்சத்தை எடுக்கிறது மேல்னு சொல்லுவேன். அவன் ஒத்துக்க மாட்டான். எடுத்தா எரிக்கத்தானே போறீங்கம்மாங்கிறான். சரிதானே?”

பிறகு அவரே தொடர்ந்தார். சரவாக் கடலில் சில வயல்களில் கிடைக்கும் வாயுவில் பாதிக்கும் மேல் கரியமில வாயுதான். அதைப் பிரித்து மீண்டும் பாறைக்குள்ளேயே பூட்டி வைக்கும் திட்டங்கள் வருகின்றன. சரவாக்கின் கசவாரி வயலுக்கு அப்படி ஒரு திட்டத்தை 2022ல் பெட்ரோனாஸ் அறிவித்தது. பாறைக்குள் என்ன போகும், எங்கே போகும், எங்கே கசியும் என்று யாருக்குத் தெரியும்? இத்தனை வருடம் எண்ணெயை வெளியே எடுக்கக் கற்றவர்களுக்குத்தான். அவருடைய மாணவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அதே கல், அதே பம்பு. திசை மட்டும் வேறு. இதில் ஒரு சமாதானம் இருக்கிறது, ஆனால் முழுச் சமாதானம் இல்லை என்று எனக்குப் பட்டது. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சுங்கைப்பட்டாணிப் பிள்ளைக்கு என்ன சொல்ல என்று கேட்டேன். அவர் உடனே பதில் தரவில்லை. 2014ன் நடுவில் ஒரு பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே. அந்த வருடம் படித்து முடித்த அவருடைய மாணவர்களில் ஒருவன் ஒன்றரை வருடம் வாடகைக் கார் ஓட்டினான். அவன் வகுப்பில் முதல் மாணவன். “இது அலை மாதிரி வேலை. அலை இறங்கும்போது வீட்டுல சாப்பாட்டுக்கு வழி இருக்கணும். அதனால முதல் பட்டம் வேதியியல் பொறியியலோ, இயந்திரமோ படிக்கச் சொல்லுங்க. நானும் வேதியியல் பொறியியல்தான். பாறையைப் பிறகு படிக்கலாம். பாறை எங்கேயும் போகாது.”

பெண் பிள்ளையாயிற்றே, கடலுக்கு அனுப்புவார்களா? அவர் போயிருக்கிறார். கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டர். அதற்கு முன் ஒரு பயிற்சி. ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் உட்கார வைத்து, இடுப்பில் வார் கட்டி, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். வாரைக் கழற்றி, சன்னல் வழியாக வெளியே வர வேண்டும். வந்தால்தான் சான்றிதழ். முதல் முறை மூக்கில் தண்ணீர் ஏறி, சாமி பெயரெல்லாம் சொல்லிவிட்டாராம். மேடையில் அப்போது எண்பது ஆண்கள், இவரோடு சேர்த்து மூன்று பெண்கள். பசியாற நல்ல நாசி லெமாக் கிடைக்கும் என்றார்.

மிரி போனபோது கனடா குன்றில் “முதிய சீமாட்டி” என்று செல்லமாக அழைக்கப்படும் பழைய மரக் கோபுரத்தைப் பார்த்தேன். நம் நாட்டின் முதல் எண்ணெய்க் கிணறு. 1910 டிசம்பர் 22ல் எண்ணெய் வந்தது, 1972ல் மூடினார்கள். அதற்குள் ஏறக்குறைய 6 லட்சத்து 60 ஆயிரம் பீப்பாய் கொடுத்துவிட்டது. அன்று கோபுரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கீழே இன்னும் எவ்வளவு இருக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

கோலாலம்பூர் திரும்பிய மறுநாள், தயாரிப்பாளரிடம் எண் வாங்கி அந்தத் தாயாரை அழைத்தேன். நேரலையில் அல்ல. அன்றைக்கு நான் சொன்னது தெரியாமல் சொன்னது என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு அக்கா சொன்னதையெல்லாம் சொன்னேன். வேதியியல் பொறியியல், வாடகைக் கார், கரியமில வாயு, மூன்றாம் பால். நடுவில் மகள் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கூண்டைக் கவிழ்க்கும் பயிற்சிதான். எத்தனை முறை கவிழ்ப்பார்கள், எத்தனை விநாடி மூச்சுப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். தெரியாததற்கு அக்காவின் எண்ணை, அவரிடம் கேட்டுக்கொண்டு, கொடுத்தேன்.

கடைசியில் அம்மா மறுபடியும் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தம்பி, படிப்பைப் பத்திச் சொன்னதெல்லாம் சரி. அந்தத் தண்ணியில கவுக்கிற விஷயத்தை மட்டும் வானொலியில சொல்லிடாதீங்க. அவ அப்பா தினமும் உங்க நிகழ்ச்சியைக் கேக்கிறாரு.”